கருணைக் குழுவும் ரஷ்ய நாடகத்தின் இருநூற்றைம்பது ஆண்டுகளும்

ரஷ்யாவில் நாடகம் ஓர் அரசாணையால் பிறந்தது. 1756ஆம் ஆண்டு ஆகஸ்டு முப்பதாம் தேதி பேரரசி எலிசபெத் கையெழுத்துப் போட்டார். அன்று முதல் அந்த நாட்டில் நாடகம் உண்டு. அதற்கு முன்பும் சந்தைத் திடல்களில் கோமாளிகள் கரடியை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள், பிரபுக்களைக் கிண்டல் செய்து உதை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அதற்கெல்லாம் கோப்பு எண் கிடையாது.

இந்தச் செய்தி புதுச்சேரி நாடகக் கலை மேம்பாட்டுப் பேரவையின் உறுப்பினர் செயலர் முனைவர் கோபிநாத்தை மிகவும் நெகிழ வைத்தது. "ஜி.ஓ. போட்டு கலையைப் பிறக்க வெச்ச நாடுங்க அது. நம்ம ஊர்ல கலை தானாப் பிறந்துடுது. அதனாலதான் அதுக்கு மரியாதை இல்ல" என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். ஒரு கலாச்சாரக் குழுவோடு மூன்று வாரம் மாஸ்கோ போய் வந்தவர். குளிர் அதிகம் என்பதால் அங்கே விடுதியை விட்டு அவ்வளவாக வெளியே வரவில்லை. ஆனாலும் ஒரு ரோமத் தொப்பி வாங்கி வந்திருந்தார். பேரவைக் கட்டடத்திலேயே ஏ.சி. வேலை செய்யும் ஒரே அறை அவருடையது. அங்கே அவர் தொப்பியோடு இருப்பார்.

2006இல் அந்த அரசாணைக்கு இருநூற்றைம்பது வயது ஆனது. செலவாகாத நிதி உள்ள கலை அமைப்புகள் இதைக் கொண்டாடலாம் என்று டெல்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பேரவையிடம் செலவாகாத நிதி எப்போதும் உண்டு. ரஷ்ய நாடக வரலாறு குறித்துப் பன்னிரண்டு சொற்பொழிவுகள் என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தைய ஐப்பசியில், ஒரு மழை நாளில், பேரவை அரங்கில் திரை இழுக்கும் மேடை உதவியாளர் கமலக்கண்ணன் எதிர்த்த டீக்கடையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அரசு மருத்துவமனைக்குப் போகும்போதே உயிர் இல்லை. மனைவி ஆதிலட்சுமி, பத்தாவது படிக்கும் மகள் சரிதா. இருந்தது லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பு. பணியில் இருக்கும் ஊழியர் இறந்தால் அவர் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. வேலை கிடைத்தால் வீடும் நிற்கும். இல்லையென்றால் இரண்டும் போகும். ஆதிலட்சுமி மனு கொடுத்தாள்.

அதே மாதத்தில் பேரவையின் இரவுக் காவலாளியும் இறந்திருந்தார். அவர் மகன் முருகையன் புதுச்சேரியிலேயே உள்ள மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் தினக்கூலி. அவனும் மனு கொடுத்தான். ஒதுக்கீட்டின்படி அந்த ஆண்டு பேரவைக்கு அனுமதிக்கப்பட்ட கருணை ஒன்றுதான்.

முடிவு செய்ய மூவர் கொண்ட கருணைக் குழு அமைந்தது. தலைவர் கோபிநாத். விதிகளைப் பார்த்துக்கொள்ளச் சார்புச் செயலர் கலியபெருமாள். மூன்றாமவர் மதாம் ஜிசேல். பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குபவர். ரஷ்யப் பிரபுக்கள் வீட்டில் பிரெஞ்சுதான் பேசினார்கள் என்று யாரோ கோபிநாத்திடம் சொல்லியிருந்தார்கள். அதனால் மதாம் ஜிசேல் பேரவையின் ரஷ்ய நிபுணராகியிருந்தார்.

முதல் சொற்பொழிவுக்கு வந்தவர்கள், பேசியவரின் மனைவியும், கழிப்பறை எங்கே என்று கேட்க நுழைந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்ட இரண்டு வெள்ளைக்காரர்களும். டெல்லிக்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும். கலியபெருமாள் ஒரு வழி கண்டார். பேரவையில் யாருக்கெல்லாம் கோப்பு நிலுவையில் இருக்கிறதோ அவர்களெல்லாம் ரஷ்ய நாடகத்தில் ஆர்வம் உள்ளவர்களாகக் கருதப்படுவர் என்று ஓர் உத்தரவு போட்டார். இரண்டாம் சொற்பொழிவுக்கு அரங்கு முக்கால்வாசி நிரம்பியது. கழிப்பறை கட்டிவிட்டு பில்லுக்கு அலையும் ஒப்பந்ததாரர், ஓய்வூதியம் வராத மிருதங்கக்காரர், நலிந்த கலைஞர் என்று சான்றிதழ் கேட்டு வந்து அதற்குள் மேலும் நலிந்துபோயிருந்த சிலர். பின் வரிசையில் ஆதிலட்சுமியும் முருகையனும்.

அன்று, அந்த அரசாணைக்கும் முன்பே ரஷ்ய அரண்மனையில் நடந்த முதல் நாடகம் பற்றிப் பேச்சு. பத்து மணி நேரம் நடந்ததாம். ஜார் மன்னர் எழுந்திருக்காமல் பார்த்தாராம். முடிந்ததும், நாடகம் பார்த்த பாவம் போக நேரே குளிக்கப் போனார் என்று சொல்வார்களாம்.

"சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி" என்றாள் ஆதிலட்சுமி மெல்ல.

"பத்து மணி நேரம் எழுந்திருக்காம உக்காந்திருந்தாரு பாரு" என்றான் முருகையன். "அவருக்கும் எதுனா பைல் பெண்டிங்ல இருந்திருக்கும்க்கா."

கமலக்கண்ணன் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே பயந்துபோய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மேடையிலிருந்து கோபிநாத் பார்த்துவிட்டாரோ என்று இருந்தது.

கருணைக் குழு மார்ச் மாதம் கூடியது. வழக்கமாக இப்படிப்பட்ட மனுக்களுக்கு வருவாய்த் துறையிலிருந்து ஆள் வீட்டுக்கு வருவார். ஃபிரிட்ஜ் இருக்கிறதா, டி.வி. கலரா என்று பார்த்துவிட்டுப் போவார். கோபிநாத்துக்கு அது அவமானமாகப் பட்டது.

"குடும்பத்தோட நிலை குறித்துக் குழு திருப்தி அடையணும்னுதான் விதி சொல்லுது. எப்படித் திருப்தி அடையணும்னு சொல்லலயே. நாம என்ன பாத்திரம் எண்ணுற டிபார்ட்மெண்டா? நாடகப் பேரவை. உலகத்துலயே துயரத்த அளக்கத் தெரிஞ்ச ஒரே முறை மாஸ்கோ முறை. நடிகன் தன் சொந்தத் துக்கத்த ஞாபகப்படுத்தி, உள்ளேருந்து கொண்டுவரணும். உள்ளேருந்து வருதா, மேலாப்புல வருதான்னு பத்து நிமிஷத்துல சொல்லிடலாம்."

"விதியில தடை எதுவும் இல்ல சார்" என்றார் கலியபெருமாள். அவர் எதற்கும் சொல்லும் பதில் அது.

முதலில் முருகையனைக் கூப்பிட்டார்கள். அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அவன் இரண்டு வாக்கியம் பேசினான். பிறகு ஓவென்று கதறினான், நெஞ்சில் அறைந்துகொண்டான், மேசையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். கலியபெருமாள் தண்ணீர் டம்ளரைப் பத்திரமாகத் தள்ளி வைத்தார். குழுவின் குறிப்பு: "வெளிப்புறப் பாணி. பேரரசுக் கால மேடையை நினைவூட்டுகிறது. நம்பிக்கை ஏற்படவில்லை."

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவன் ஆதிலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்கப்பன் குடிச்சிட்டு வந்து போட்டு அடிப்பான்க்கா. செத்தப்ப ஒரு சொட்டு வரல எனக்கு. ஊரே ஏசிச்சு. இப்ப உள்ள போயி, அவன் டார்ச் லைட்ட தலமாட்டுல வெச்சிக்கிட்டுப் படுப்பான்னு சொல்ல ஆரமிச்சேன். எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல."

அதற்குள் ஆதிலட்சுமியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஏம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. மனப்பாடமா ஒப்பிக்கக் கூடாது. உள்ளேருந்து வரணும்" என்றார் கோபிநாத்.

"என்னா சார் வரணும்?"

"துயரம்."

அவள் மூன்று பேரையும் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"மழ சார். துணியே காயல. டூட்டிக்குப் போட்டுட்டுப் போவ அவருகிட்ட ரெண்டு சட்டதான். கொடியில கெடக்கறத உள்ள எடுத்துப் போடுங்கன்னு முந்தின நாளே சொன்னேன், எடுக்கல. காலையில பாத்தா ஈரம். கண்டபடி திட்டிட்டேன். மேல போட்டா தானா காஞ்சிடும்னுட்டு அதையே மாட்டிக்கிட்டுப் போனாரு. சாயங்காலம் ஆஸ்பத்திரில அவரு துணிய ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. தொட்டுப் பாத்தேன். காஞ்சிருந்துச்சு."

அவள் அழவில்லை. மதாம் ஜிசேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மோன் தியூ, கடவுளே" என்று முணுமுணுத்தார். கலியபெருமாள் முதல் தடவையாகப் பேனாவை மூடி வைத்தார்.

கோபிநாத் முன்னால் சாய்ந்தார். "மறுபடி சொல்லுங்க."

"எதுக்கு மறுபடி? அவதான் சொல்லிட்டாளே" என்றார் மதாம்.

"மதாம், ஒரு தடவ வந்தா அது விபத்து. ரெண்டாந்தடவையும் வந்தாத்தான் அது கலை."

ஆதிலட்சுமி மறுபடி சொன்னாள். வேலை கிடைக்குமென்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. குழுவின் குறிப்பு: "உள்ளடங்கிய பாணி. முழு நம்பிக்கை ஏற்பட்டது. எனினும் மேலும் ஆராயப்பட வேண்டியுள்ளது."

மேலும் ஆராய்வது இப்படி நடந்தது. ஏப்ரலில் மாஸ்கோ முறை குறித்த சொற்பொழிவு. அதில் செயல்முறை விளக்கமாக ஆதிலட்சுமி மேடையேறிச் சட்டையைப் பற்றிச் சொன்னாள். ஒப்பந்ததாரர் அழுதார். மிருதங்கக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். கோபிநாத் வரலாறு நிகழ்ந்ததை உணர்ந்தார். அடுத்த வாரம் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முறை, அதற்கடுத்த வாரம் பிரான்சிலிருந்து வந்த ஒரு கலாச்சாரக் குழுவுக்கு ஒரு முறை. பிரெஞ்சில் மதாம் ஜிசேல் மொழிபெயர்த்தார். சட்டை என்ற சொல் வரும்போதெல்லாம் மதாமின் குரல் கொஞ்சம் தடுமாறும். அதுவும் விளக்கத்தில் ஒரு பகுதி என்று விருந்தினர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

பிறகு ஒத்திகை தொடங்கியது.

"'காஞ்சிருந்துச்சு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிறுத்தம் வேணும்மா. மனசுக்குள்ள நாலு எண்ணுங்க. அந்த நாலுலதான் ரஷ்யாவே இருக்கு."

"சரிங்க சார்."

"திட்டினதா ஒண்ணு வருதே, அத எடுத்துடுங்க. திட்டுனீங்கன்னு சொன்னா அனுதாபம் ரெண்டாப் பிரியுது. பாதி செத்தவருக்குப் போயிடுது."

"ஆனா திட்டினேனே சார்."

"நடந்தது வேற, உண்மை வேறம்மா" என்றார் கோபிநாத் அன்பாக.

வெறுங்கையோடு சொல்வது போதவில்லை என்று பட்டபோது, அந்தச் சட்டையையே கொண்டுவரச் சொன்னார்கள். அவள் கொண்டுவந்தாள். மடிப்புக் கலையாமல் பீரோவில் இருந்தது. அதில் இன்னும் அவர் வாசம் இருந்தது. பேரவையின் மேடைக்கு வரும் எந்தப் பொருளும் இருப்பில் ஏறாமல் வரக்கூடாது என்று கலியபெருமாள் நினைவுபடுத்தினார். கிடங்குப் பொறுப்பாளர் காலரின் உட்பக்கத்தில் அழியாத மையால் முத்திரை குத்தினார்: நா.க.மே.பே. மேடைப்பொருள். சட்டை, ஆண், ஒன்று. அன்று முதல் சட்டை கிடங்கில் இருந்தது. ஒவ்வொரு விளக்கத்துக்கும் முன்பு ஒருவர் அதன் மேல் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்து கொடுப்பார். நான்காவது முறை அவள் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். நாப்தலின் உருண்டை வாசம்தான் வந்தது.

மே மாதம் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கலியபெருமாளிடம் போனாள்.

"சார், பன்னெண்டு பேச்சுல ஒம்போது முடிஞ்சிடுச்சு. எல்லாருக்கும் நம்பிக்கை வந்துடுச்சுன்னும் சொல்லிட்டாங்க. ஆர்டர் போட்டுட்டீங்கன்னா வூடு நிக்கும்."

கலியபெருமாள் கெட்டவர் அல்ல. நாற்காலி போடச் சொல்லி உட்கார வைத்தார். "இத நீங்க சரியாப் புரிஞ்சுக்கணும்மா. இப்ப வேலை குடுத்தா நீங்க துயரத்துல இருக்கறவங்களா இல்லாமப் போயிடுவீங்க. அப்புறம் மேடையில நீங்க சொல்றது பொய்யாயிடும். அரசு ஊழியர் மேடையில பொய் சொல்றத நடத்தை விதி அனுமதிக்காது. விழா முடியட்டும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அதுவரைக்கும் வூடு?"

"உங்க துயரம் அரசுப் பணிக்குத் தேவைப்படுதுன்னு ஒரு கடிதம் தரேன். நிறுத்தி வெப்பாங்க."

கடிதம் கொடுத்தார். ஆகஸ்டு கடைசி வரை நிறுத்தியும் வைத்தார்கள்.

ஜூனில் பண்ணையடிமை நாடகம் பற்றிய சொற்பொழிவு. கோபிநாத்தே பேசினார். ரஷ்ய ஜமீன்தார்கள் தங்கள் அடிமைகளையே நடிகர்களாக்கி வீட்டில் நாடகம் போட்டார்கள். பணமுடை வந்தால் நாற்காலி மேசையோடு சேர்த்து நடிகர்களையும் விற்றார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அது உள்ளேயிருந்துதான் வந்தது; யாரும் குறை சொல்ல முடியாது.

"மேடையில ராஜா. இறங்கினா லாயத்துல சவுக்கடி! தகப்பன் செத்த அன்னைக்கும் ஒரு பொண்ண ஆடச் சொன்னானாம். யோசிச்சுப் பாருங்க. ஒருத்தரோட சோத்தையும் கூரையையும் கையில வெச்சுக்கிட்டு, அவங்க உணர்ச்சிய வேலை வாங்கறது எவ்வளவு பெரிய கொடுமை! நல்லவேளை, நாம ஜனநாயகத்துல இருக்கோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அரங்கைத் தேடினார். "ஆதிலட்சுமி வந்திருக்காங்களா? வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பார்ட்டி வருதும்மா. லேட் பண்ணிடாதீங்க."

அன்றைய காட்சிக்கு அடிமையாக முருகையனை நிறுத்தியிருந்தார்கள். கையில் விளக்கோடு அரை மணி நேரம் அசையாமல் நிற்பது வேலை. இறங்கி வந்தவன் காலைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"நம்மள விப்பாங்களாக்கா? யாருனா வாங்குனா தேவல."

"சும்மா இருடா."

"உனக்குத்தான் கெடைக்கும். பேசிக்கறாங்க. நான் அழுவறது பழைய மாடலாம்." அவன் சிரித்தான். "எங்க ஃபோர்மேன் லீவுக்குக் கையெழுத்துப் போட மாட்றான். எதுக்குடா லீவுன்னான். ரஷ்ய நாடகத்துக்குன்னேன். குடிச்சிருக்கியான்னு வாய மோந்து பாத்தான்."

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் சரிதாவை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அரங்குக்குக் கூட்டி வந்தாள் ஆதிலட்சுமி. மகள் முன் வரிசையில் உட்கார்ந்து அம்மா சொல்வதை முழுதும் கேட்டாள். திரும்பும்போது பேருந்தில் கூட்டம். ராஜா தியேட்டர் தாண்டியதும் மகள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீ அன்னைக்குத் திட்டினம்மா."

"ஆமா."

"அப்பா என்னப் பாத்து கண்ணடிச்சாரு. நீ திட்டும்போது. அதெல்லாம் ஏன் சொல்லல?"

அவர் கண்ணடித்தது ஆதிலட்சுமிக்குத் தெரியாது. அன்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு திட்டியிருந்தாள். இந்தப் புதுச் செய்தியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபிநாத்திடம் இதைச் சொல்லக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. சொன்னால் அதையும் சேர்த்துவிடுவார்.

ஆகஸ்டு முப்பதாம் தேதி நிறைவு விழா. டெல்லியிலிருந்து ஓர் இணைச் செயலர் வந்திருந்தார். ஆங்கிலத்தில் பேசினார், கோபிநாத் தமிழாக்கினார்.

"நம் நாட்டில் துயரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது ஆங்காங்கே முறைப்படுத்தப்படாமல் கிடக்கிறது. அதை அடையாளம் கண்டு, பயிற்சி கொடுத்து, மேடைக்குக் கொண்டுவந்த முதல் மாநில அளவிலான அமைப்பு உங்கள் பேரவைதான். இந்தப் பெண்மணியின் கணவர் வீணாக இறக்கவில்லை."

கைதட்டல் அடங்கியதும் ஆதிலட்சுமி விளக்கொளிக்கு வந்து நின்றாள். சட்டை சரியான ஈரத்தில் இருந்தது. சொல்ல ஆரம்பித்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழுந்தது. மழை, கொடி, போனது, பை. தொட்டுப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். ஒன்று. முன் வரிசையில் யாரோ விசும்பினார்கள். இரண்டு. கேஸ் சிலிண்டருக்குப் பதிந்து எத்தனை நாளாகிறது என்ற யோசனை வந்தது. மூன்று. சரிதாவுக்குச் சீருடைப் பாவாடையை இறக்கிவிட வேண்டும். நான்கு.

"காஞ்சிருந்துச்சு."

இணைச் செயலர் கைக்குட்டையை எடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தாள். யாரும் பார்க்காத இடத்தில், யாருக்கும் இல்லாமல், அவரை நினைத்துப் பார்க்க விரும்பினாள். கண்ணை மூடினால் முதலில் மேடை வெளிச்சம் வந்தது. பிறகு ஒத்திகையில் கேட்ட ஒரு குரல், கொஞ்சம் இடது பக்கம் திரும்பச் சொன்னது. அவர் வரவில்லை. சோறு வடிக்கும் நேரம் வரை அப்படியே இருந்து பார்த்தாள்.

செப்டம்பரில் கருணைக் குழு கடைசி முறையாகக் கூடியது. நடவடிக்கைக் குறிப்பில் இறுதி வாக்குமூலம் என்று ஒன்று சேர வேண்டியிருந்தது.

"ஒரே ஒரு தடவ. சும்மா சொல்லிடுங்கம்மா, எழுதிக்கறோம்" என்றார் கோபிநாத்.

ஆதிலட்சுமி எழுந்து நின்றாள். "சொல்லணும்னா சொல்றேன் சார். ஆனா இப்ப ஒண்ணும் வரல."

"என்ன வரல?"

"நீங்க மொதல்ல கேட்டீங்களே, அது. ரெண்டு மூணு மாசமாவே வரல சார். பொய் சொல்லி வேல வாங்கக் கூடாதில்ல. அதான் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் முருகையனைப் பற்றி நினைத்தாள். வேலை அவனுக்குப் போகட்டும். அவனிடம் இன்னும் இருக்கிறது. கலியபெருமாள் பயந்துபோய்த் தலைவரைப் பார்த்தார். ஒன்பது மாதக் கோப்பு.

கோபிநாத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. மேசையைத் தட்டினார்.

"அடுத்த கட்டம்! மதாம், பாத்தீங்களா? ரஷ்யாவுல இப்படித்தானே ஆச்சு! உள்ளேருந்து உணர்ச்சி வரணும்னு மாஸ்கோவுல ஒரு பள்ளி. அவங்களுக்கு அப்புறம் வேற ஒரு பள்ளிக்காரங்க வந்தாங்க. உணர்ச்சியே வேணாம், அசைவு சரியா இருந்தாப் போதும், நடிகன் ஒரு யந்திரம்னாங்க. அவங்க அதுக்கு இருபது வருஷம் எடுத்துக்கிட்டாங்க. இந்தம்மா ஆறு மாசத்துல வந்து நிக்கறாங்க! ரஷ்ய நாடக வரலாறு முழுசும் நம்ம ஸ்டாஃப் ஒருத்தர் குடும்பத்துலேயே நடந்து முடிஞ்சிருக்கு."

மதாம் ஜிசேல் அவர் பக்கம் திரும்பினார். "அவகிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதயும் வாங்கிக்கிட்டு ரசீது குடுக்கறீங்க, கோபிநாத்" என்றார்.

"அழகாச் சொன்னீங்க மதாம். மினிட்ஸ்ல சேத்துக்கலாமா?"

மதாம் தாளை இழுத்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஆதிலட்சுமியின் கையைப் பிடித்தார். "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டார். ஆதிலட்சுமிக்கு அது எதற்கு என்று புரியவில்லை. "பரவால்ல மதாம்" என்றாள்.

கருணை வேலைக்குப் பத்து வருடம் காத்திருந்து, அதற்குள் தாங்களே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. ஆதிலட்சுமிக்கு ஒரு வருடத்துக்குள் கிடைத்துவிட்டது. மேடை உதவியாளர், கமலக்கண்ணன் இருந்த அதே இடம். வீடும் நின்றது. முருகையனுக்கு அடுத்த காலியிடத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் போயிற்று.

"காலியிடம்னா என்னாக்கா? இங்க யாருனா சாவணும்" என்றான் வாசலில் நின்றபடி. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினான். "அட, நல்லா இரு. பொம்பளப் புள்ளய வெச்சிருக்க. எனக்கு வாளி இருக்கு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு முறை மணி அடித்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் முதல் ஆண்டுத் திதி. பாகூர் பக்கத்திலிருந்து நாத்தனார் அஞ்சலாட்சி குடும்பத்தோடு வந்திருந்தாள். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர். படையல் முடிந்து கற்பூரம் காட்டும்போது அஞ்சலாட்சி அண்ணன் படத்தைப் பார்த்து வெடித்து அழுதாள். மற்ற பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். ஆதிலட்சுமி படையலைச் சுற்றி நீர் விளாவினாள். விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேல கெடச்சாச்சு. இனிமே கண்ணீரு எதுக்கு அண்ணி?" என்றாள் அஞ்சலாட்சி. "எங்கண்ணன் செத்த எடம்தான் ஒனக்குச் சோறு போடுது. ஒரு சொட்டு விட்டா கொறஞ்சா போயிடுவ?"

சரிதா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

குழுவிடம் சொல்லாதது ஒன்று ஆதிலட்சுமியிடம் இருந்தது. வேறு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கோபிநாத் எத்தனையோ முறை கேட்டும் இல்லை என்றே சொல்லி வந்தாள். அது ஒரு சிரிப்பான விஷயம். துக்கத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள் என்றும் நினைத்திருந்தாள். இப்போது அதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இவர்கள் சொந்த மனிதர்கள். இது வீடு.

"கல்யாணமான புதுசுல ஒரு நாளு, மீனு வாங்கியாறேன்னு தேங்காய்த்திட்டுக்குப் போனாரு" என்று ஆரம்பித்தாள். "அங்க ஏலம் நடக்குது. தெரிஞ்சவன் ஒருத்தன் எதிர்ல நிக்கறான்னு இவரு கையத் தூக்கிக் காட்டியிருக்காரு. ஏலக்காரன் இவரு கேக்கறாருன்னு முடிச்சிட்டான். ஒரு கூடை மத்தி! இல்லன்னு சொல்ல வெக்கம். ரிக்சாவுல போட்டு எடுத்தாந்துட்டாரு."

அஞ்சலாட்சி மூக்கை உறிஞ்சியபடியே சிரித்துவிட்டாள். "அவன் அப்படித்தான். மாட்டேன்னு சொல்லத் தெரியாது அவனுக்கு."

"தெரு பூரா குடுத்தோம். பூனைக்குக் கூட வேணாம்னு ஆயிடுச்சு. ராத்திரி ரெண்டு பேரும் கெணத்தடியில உக்காந்து கைய தேச்சுத் தேச்சுக் கழுவுறோம், வாட போவல. எனக்கு ஒரே கோவம். அவரு என் கைய எடுத்து மோந்து பாத்துட்டு..."

நிறுத்தினாள். ஏன் நிறுத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. குரல் தானாகவே கீழே இறங்கியிருந்தது. முகம் லேசாக இடது பக்கம் திரும்பியிருந்தது. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தபடி இருந்தார்கள். சரியான நேரத்தில், அவளைக் கேட்காமலே, மீதி வந்தது.

"...'இப்பதான் நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வாசம்'னாரு."

அஞ்சலாட்சி அண்ணி என்று அலறிக்கொண்டு அவள் மடியில் விழுந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். வாசலில் நின்றிருந்த ஆண்கள் கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஆதிலட்சுமி நாத்தனாரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மனதுக்குள் அந்தக் கிணற்றடியைத் தேடிப் பார்த்தாள். கிணறு இருந்தது, வாளி இருந்தது. தண்ணீர் ஊற்றிய கை யாருடையது என்று தெரியவில்லை.

"சரிதா, எலைய எடுடி, எல்லாரும் பசியா இருப்பாங்க" என்றாள்.

சரிதா நகரவில்லை. அழவும் இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடியிலிருந்து முகத்தைத் தூக்கினாள் அஞ்சலாட்சி. கண்கள் சிவந்து, முடி கலைந்து, ஒரு குழந்தை போல இருந்தாள். "இன்னொண்ணு சொல்லு அண்ணி" என்றாள். "எங்கண்ணனப் பத்தி இன்னும் ஒண்ணே ஒண்ணு."

ஆதிலட்சுமி நிஜமாகவே தேடிப் பார்த்தாள்.

"அவ்ளோதான், அஞ்சலாட்சி" என்றாள். "வேற இல்ல."